பூவம்மா சும்மா இருந்த நாட்கள்

எங்கள் மாடியில் பூவம்மா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவள் மிளகாய் வறுத்தால் எனக்கு இருமல் வரும். அதனால் அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிட உரிமை உள்ளவர்கள் இந்த எர்ணாவூரில் யாரும் இல்லை. அவள் புருஷன் சுப்பராயன் இந்தக் கதையை வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிகிறான். திரியட்டும். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், ஒரு சொல் மாற்ற மாட்டேன்.

பூவம்மா பிறந்தது திருவொற்றியூர்க் கரையில். அப்பன் கட்டுமரத்தில் போனவர். கல்யாணத்துக்கு முன்னால் இவள் இறால் உரிக்கிற கொட்டகையில் வேலை பார்த்தாள். அவள் உரித்தால் ஓடு தனியாகக் கழன்று வரும், சதை கிழியாது என்று அங்கே பேர். சுப்பராயனைக் கட்டியதும் அந்த வேலை போனது. மேஸ்திரி பொண்டாட்டி இறால் நாற்றத்தோடு வரக் கூடாதாம். பிறகு கரையோரக் குடிசைகளை எடுத்து, எங்களையெல்லாம் இந்த அடுக்குமாடியில் கொண்டுவந்து விட்டார்கள். ஒரே அறை, ஒரு சின்னச் சமையல்கட்டு, வெளியே நீளமான நடை. அவள் ஆயுசில் பாதி அந்தச் சமையல்கட்டிலும், மீதிப் பாதி கீழே கைப்பம்பு வரிசையிலும் போனது.

சுப்பராயன் துறைமுகத்தில், எங்கள் பேச்சில் ஆர்பர், மூட்டை இறக்குகிற கூட்டத்துக்கு மேஸ்திரியாக இருந்தவன். மேஸ்திரி மூட்டையைத் தொட மாட்டான். நிழலில் நின்று கையைக் காட்டுவான், கத்துவான். கப்பல் காலியானதும் ஆபீசில் போய், நான் இறக்கிவிட்டேன் என்பான். அங்கே அது பொய் இல்லை. எல்லா மேஸ்திரியும் அப்படித்தான் பேசுவார்கள், கேட்கிறவர்களுக்கும் அது தெரியும். காலமெல்லாம் அப்படிப் பேசிப் பழகிய வாய், வயதாகி வேலையை விட்டு வீட்டோடு இருந்த பிறகும் அதையே பேசியது. தண்ணீர் ரொப்பிவிட்டேன் என்பான். ரொப்பியது பூவம்மா. நெத்திலிக் குழம்பு வைத்தேன் என்று டீக்கடையில் சொல்வான். வைத்தது பூவம்மா. அவன் செய்தது நாற்காலியில் உட்கார்ந்து கையைக் காட்டியதுதான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. சோற்றைப் பிசைந்து முதல் வாய் வைத்ததும், "உப்பு பத்தல" என்று தட்டைத் தள்ளுவான். கல்யாணமான நாளிலிருந்து இதே பேச்சு. அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். உப்பு ஜாடியின் மூடி சத்தம் மட்டும் கேட்கும். அப்படியே கொண்டுவந்து வைப்பாள். அவன் வழித்துச் சாப்பிடுவான். அவள் ஒரு கல் உப்புகூடப் போடவில்லை என்பது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

இதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் மனதில் முள்ளாய்த் தைத்தது வேறு.

ஒரே மகள் ஷாலு. வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவருவதுதான் எந்த வீட்டிலும் முறை. சுப்பராயன் முடியாது என்றான். ஒரே அறையில் குழந்தை அழுதால் தனக்குத் தூக்கம் போய்விடுமாம். சரி, நான் அங்கே போய் இருக்கிறேன் என்றாள். எனக்கு யார் சோறு போடுவது என்றான். அவள் அழுதாள், நான்கூடப் போய்ச் சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. ஷாலு மாமியார் வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போனாள், தாய் முகம் பார்க்காமல் பெற்றாள். பூவம்மா போய்ச் சேர்ந்தபோது குழந்தையைக் குளிப்பாட்டித் தொட்டிலில் போட்டிருந்தார்கள். சம்பந்தி வாசலிலேயே கேட்டாளாம்: "இன்னாம்மா, எந்த ஆபீசுல கீற? லீவு குடுக்க மாட்டேன்ட்டானா?"

அந்தக் கேள்வியை அவள் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் முகம் அப்போதுதான் அடிபட்டதுபோல் சிவக்கும்.

இந்த வருஷம் ஷாலு மறுபடி உண்டானாள். மாதம் நெருங்கியது. பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்து, பூண்டு, ஓமம், பெருங்காயம் எல்லாம் ஒரு பையில் கட்டி பூவம்மா கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். சுப்பராயன் அந்தப் பையைப் பார்த்தான். காலால் உள்ளே தள்ளிவிட்டுச் சொன்னான்: "அங்க போயி நீ இன்னா கிய்க்கப் போற? இங்கியே சும்மாத்தான கீற."

பூவம்மா வாயால் சண்டை போடுகிறவள் இல்லை. காத்திருக்கத் தெரிந்தவள்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். பேர் நவ்ரீன். வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைக்காரர் மகள், தலையில் துணி போட்டிருப்பாள், சிரித்த முகம். காலேஜில் மனையியல் படித்து ஆராய்ச்சி செய்கிறாளாம். மனையியல் என்றால் கேக் செய்யவும் பூத்தையல் போடவும் சொல்லித்தருவார்கள் என்று நினைத்திருந்தேன். அது மட்டும் இல்லையாம். ஒரு வீடு எப்படி நடக்கிறது, யார் தண்ணீர் தூக்குகிறார்கள், யார் அடுப்பில் நிற்கிறார்கள், யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள் என்று வீடு வீடாகப் போய் அறிகிற படிப்பாம். இதைப் போய் யார் கேட்டிருக்கிறார்கள் இத்தனை நாள்? நான் அவளை உட்காரவைத்து டீ கொடுத்தேன்.

பூவம்மா வீட்டு வாசலில் அவள் கேட்டபோது சுப்பராயன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். பூவம்மா உள்ளே அடிப்பிடித்த சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் பேச்சும் சட்டிச் சத்தமும் எனக்குக் கேட்டன.

தண்ணீர் பிடிப்பது யார் என்று அந்தப் பெண் கேட்டாள். நான்தான் என்றான். மார்க்கெட்? நான்தான். சமையல்? நான்தான், மீன் கழுவுவதுகூட நான்தான் என்றான். துணி, பாத்திரம், எல்லாவற்றுக்கும் அதே பதில். அவன் பொய் சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை. ஆபீஸ் ஆள் வந்து கேட்டால் மேஸ்திரி சொல்கிற பதில் அது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண் துறைமுகத்தைப் பார்த்தவள் இல்லையே. கண் விரிய எல்லாவற்றையும் தன் போனில் பதிந்துகொண்டாள்.

"அப்போ அம்மா என்ன செய்வாங்க, ஐயா?"

"அவளா? அவ சும்மா கீறா."

உள்ளே சட்டி தேய்க்கிற சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி கேட்டது. முன்பைவிட மெதுவாக.

மறுவாரம் நவ்ரீன் திரும்பி வந்தாள். இவள் டீச்சருக்கு நம்பவே முடியவில்லையாம். இந்த வயதில் வீட்டு வேலை மொத்தமும் செய்கிற ஆம்பளையை இந்தப் பக்கத்தில் பார்த்ததே இல்லை, கூடவே இருந்து பார்த்துவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறார். காலையிலிருந்து பொழுது சாயும்வரை உட்கார்ந்து பார்ப்பேன், தினமும் நடப்பது மாதிரியே நடக்கட்டும், நான் எதிலும் கை வைக்கக் கூடாது, எதுவும் சொல்லித்தரக் கூடாது என்றாள். சுப்பராயனுக்குப் பெருமை தாங்கவில்லை. கீழே வெள்ளத்துரை டீக்கடையில் போய், காலேஜிலிருந்து தன்னைப் பார்த்துப் படிக்க வருகிறார்கள் என்று எல்லோருக்கும் சொன்னான்.

வீட்டுக்குள் வந்து பூவம்மாவிடம் ஏற்பாடு சொன்னதையும் கேட்டேன். நீ பாட்டுக்கு வேலையைப் பார், நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஆர்பரில் அப்படித்தான் என்றான். அவள் சரி என்று தலையாட்டினாளாம். அன்றைக்குச் சாயங்காலம் துணி எடுக்கிற சாக்கில் என் பக்கம் வந்து நின்றாள்.

"யக்கா, அன்னிக்கி அவரு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னது உன் காதுல வுய்ந்துச்சா?"

விழுந்தது என்றேன்.

"முழுசா?"

முழுசாக என்றேன்.

"போதும்," என்றாள். அவள் சிரித்த சிரிப்பு எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

நவ்ரீன் விடிந்ததும் வந்துவிட்டாள். அவளுக்கு முன்னாலேயே பூவம்மா குளித்து, விசேஷத்துக்குக் கட்டுகிற வாயல் புடவை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்து, பிளாஸ்டிக் நாற்காலியை நடையில் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் வெற்றிலை. நானும் என் முக்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். எதிர் வீட்டுக்காரியும் வந்தாள்.

சுப்பராயன் வெளியே வந்து பார்த்தான். கண்ணால் உள்ளே போ என்றான். இவள் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். குனிந்து காதோடு, "இன்னாமே, டீ போடு," என்றான்.

பூவம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "நீ போட்டா எனுக்கும் ஒரு கிளாஸ் போடுய்யா. சக்கர கம்மியா."

நவ்ரீன் அவனைப் பார்த்தாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவனுக்கு வேறு வழி இல்லை, உள்ளே போனான்.

எங்கள் வீடுகளில் இரண்டு தண்ணீர். குடத்தில் இருப்பது கைப்பம்பில் பிடித்த குடிக்கிற தண்ணீர். நீல டிரம்மில் இருப்பது கீழே ஆழ்குழாயில் வருகிற உப்புத் தண்ணீர், கழுவத்தான் ஆகும். இது இங்கே தவழ்கிற குழந்தைக்கும் தெரியும். அவனுக்குத் தெரியவில்லை. எதில் பிடிப்பது என்று கேட்டு எட்டிப் பார்த்தான். "ரொப்பி வெச்சவன் நீதான, உனுக்குத் தெரியாதா," என்றாள். டிரம் தண்ணீரில் டீ போட்டான். பால் திரிந்து போனது. அதையும் டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்தான். பூவம்மா வாங்கி நடை ஓரத்தில் வைத்துவிட்டு, ஆறட்டும் என்றாள். அது மத்தியானம்வரை ஆறிக்கொண்டே இருந்தது.

பிறகு தண்ணீர். குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கியவன் நேராகப் பம்புக்குப் போய்க் கையை வைத்தான். வரிசையில் நின்ற பெண்கள் விடவில்லை. மேஸ்திரி, இது ஆர்பர் இல்லை, கடைசியில் போய் நில் என்றார்கள். நின்றான். தூக்கிக்கொண்டு ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கினான். பாதித் தண்ணீர் படியில் போனது. பின்னால் நவ்ரீன் ஏறி வந்தாள். வெள்ளத்துரை கடையில் டீ குடித்தவர்கள் எல்லாம் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். ஒருவன், மாஸ்டர், மத்தியானம் என்ன மெனு என்று கேட்டான். அன்றிலிருந்து சுப்பராயனுக்கு மாஸ்டர் என்றே பேர்.

மத்தியானத்துக்கு மீன்காரியிடம் கெளுத்தி வாங்கினான். கெளுத்தியின் முள்ளை முதலில் ஒடித்துவிட்டுத்தான் கையில் பிடிக்க வேண்டும். அவன் அப்படியே அழுத்திப் பிடித்தான். விரலில் ஏறிவிட்டது. அந்த வலி பட்டவர்களுக்குத்தான் தெரியும், தோள்வரைக்கும் இழுக்கும். அவன் கத்தவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். என் மனம் கேட்கவில்லை. வெந்நீர் வைத்துக் கையை முக்கலாம் என்று எழுந்தேன். பூவம்மா என் முந்தானையைப் பிடித்தாள்.

"ஒக்காரு யக்கா."

நான் உட்கார்ந்தேன். தலைப்பிரசவத்தில் தாயில்லாமல் கிடந்த பெண்ணை நினைத்துக்கொண்டேன், உட்கார முடிந்தது.

நவ்ரீனுக்குக் கண் கலங்கிவிட்டது. எதிலும் கை வைக்கக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருக்கிறார், பார்த்துக்கொண்டும் இருக்க முடியவில்லை. பூவம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பூவம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு அன்பாகச் சொன்னாள்: "நீ பாட்டுக்குப் பாரும்மா. தெனிக்கும் நடக்கறதுதான்."

கடைசியில் எதிர் வீட்டுக்காரிதான் வெந்நீர் கொடுத்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் சமையல் இல்லை. பூவம்மா என் வீட்டில் சாப்பிட்டாள். அவன் டீக்கடையில் பன் தின்றான்.

மறுநாள் காலையில் நவ்ரீன் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மருமகன் ஜெயவேல் போன் செய்தான். ஷாலுவுக்கு இடுப்பு வலி கண்டிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறோம் என்றான். பூவம்மா எழுந்தாள். கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளப்பட்ட பையை இழுத்துத் தூசி தட்டித் தோளில் மாட்டினாள். வாசலுக்கு வந்தபோது சுப்பராயன் குறுக்கே நின்றான். விரலில் துணி சுற்றியிருந்தது.

"எங்க கெளம்பிட்ட?"

ஷாலுவிடம் போகிறேன் என்றாள்.

"நீ போய்ட்டா வூட்ட யாரு பாக்கறது?"

கேட்டுவிட்டான். கேட்டபிறகுதான் அவனுக்கே உறைத்தது. நவ்ரீன் தலையை நிமிர்த்தினாள். நடையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

பூவம்மா அவசரப்படவில்லை. வருஷக்கணக்காய் வைத்திருந்த சொல், அதை நிதானமாக எடுத்தாள்.

"நீதான்யா பாக்கற. தண்ணி நீ, சோறு நீ, துணி நீ. காலேஜுக்கே சொல்லிக்கீற. நான் சும்மாத்தான கீறேன். சும்மா கீறவ இங்க இருந்தா இன்னா, அங்க இருந்தா இன்னா?"

அவளை நிறுத்த அவனிடம் ஒரு வழி இருந்தது. நான் சொன்னது பொய், இந்த வீட்டில் எல்லாம் இவள்தான் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பூவம்மா ஒருவேளை நின்றுகூட இருப்பாள், எனக்குத் தெரியாது. அவன் வாய் திறந்தது. நவ்ரீனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கீழே டீக்கடையைப் பார்த்தான்.

"போய்ட்டு வா," என்றான். வழிவிட்டான்.

அவள் இறங்கிப்போய் ஆட்டோ பிடித்தாள். உப்பு எந்த டப்பாவில், பருப்பு எந்த டப்பாவில் என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகவில்லை.

இந்தத் தடவை ஷாலு பெற்றபோது தாய் வெளியே நின்றாள். குழந்தையை முதலில் வாங்கியது பூவம்மாவின் கை. முன்பு லீவைப் பற்றிக் கேட்ட சம்பந்தி, உட்கார நாற்காலி கொண்டுவந்து போட்டாளாம். எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டதற்கு, எனக்கு எந்த ஆபீசும் இல்லை சம்பந்தி, லீவு முடியவே முடியாது என்றாளாம் இவள்.

சில வாரம் கழித்து நான் குழந்தையைப் பார்க்கப் போன அன்றைக்கு நவ்ரீனும் எம்.கே.பி. நகருக்கு வந்திருந்தாள். ஒரு குட்டிச் சட்டை வாங்கி வந்திருந்தாள். நடந்தது எனக்குப் புரிந்துவிட்டது, ஐயா சொன்னதை எடுத்துவிட்டு, உங்களையே முதலிலிருந்து கேட்டு எழுதிக்கொள்கிறேன் என்றாள். நல்ல பெண். நான்கூட அது நியாயம்தானே என்று நினைத்தேன். பூவம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"அத்த அய்க்காத. அவரு சொன்னது சொன்ன மாரியே கெடக்கட்டும். நீ கண்ணால பாத்ததயும் அதுக்குப் பக்கத்துல எய்து. ரெண்டும் ஒண்ணா கெடக்கட்டும்."

நவ்ரீன் சிரித்துவிட்டாள். அப்படியே செய்கிறேன்மா என்றாள்.

அவள் கிளம்பிப் போன பிறகு சுப்பராயன் வந்தான். இத்தனை நாள் தனியாகத் துவைத்து, சமைத்து, ஆளே மாறியிருந்தான். சட்டையில் சொட்டு நீலக் கறை, கன்னம் ஒட்டியிருந்தது. கையில் பை. காசிமேட்டுக்குப் போய்ப் பால்சுறா வாங்கி வந்திருந்தான். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற எங்கள் பக்கத்தில் அதைத்தான் புட்டாகச் செய்து கொடுப்போம். பேரனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பூவம்மா பக்கம் திரும்பாமலேயே, "வூட்டுக்கு வாமே," என்றான்.

"அங்க எனுக்கு இன்னா வேல?"

அவன் பையை நீட்டி, இதை ஆக்கிக் கொடு என்றான். நீயே ஆக்கு என்றாள். கெஞ்சுகிற மாதிரி என்னைப் பார்த்தான். நான் குழந்தையைப் பார்த்தேன்.

உள்ளே போனான். வேகவைத்தான், தோலை உரித்தான், பிழிந்து உதிர்த்தான். சுறாத் தோலில் மணல் இருக்கும், அது போக முதலிலேயே இரண்டு தடவை கழுவியிருந்தான். பூண்டு உரிக்கிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. ஒரு சந்தேகமும் வந்து கேட்கவில்லை. பூவம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புட்டு வந்தது. ஷாலு சாப்பிட்டாள், நல்லாத்தான் இருக்குது நைனா என்றாள். அவன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. இன்னொரு தட்டில் போட்டுக் கொண்டுவந்து பூவம்மா முன்னால் வைத்தான். வைத்துவிட்டு நின்றான்.

அவள் ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்றாள்.

"உப்பு பத்தல," என்று தட்டைத் தள்ளினாள்.

அவன் அந்தத் தட்டைப் பார்த்தபடி நின்றான். பிறகு குனிந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனான். உப்பு டப்பாவின் மூடி சத்தம் கேட்டது.

எனக்கும் ஒரு கிண்ணத்தில் கொடுத்திருந்தான். சாப்பிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. அதை நான் அவனிடம் சொல்லவில்லை.